வாசலில் நின்றுபோன நியர்லி

சொற்களுக்குக் கால் இருந்த காலம் ஒன்று இருந்தது. காக்கையும் ஆமையும் பேசிய காலத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். சொற்களே எழுந்து நடந்த காலத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இந்தக் கதையை நான் தேடிப் போனதற்குக் காரணம் என் இங்கிலீஷ் வாத்தியார். 'நியர்லி' என்ற சொல்லை வாக்கியத்தின் கடைசியில் எழுதிவிட்டேன் என்று என் நோட்டில் சிவப்பு மையால் அடித்தார். வினைக்கு முன்னால்தான் வரவேண்டுமாம். ஏன் சார் என்று கேட்டேன். அது அப்படித்தான் என்றார்.

அது அப்படித்தான் என்பது ஒரு பதிலா? எதுவும் முதல் நாளிலிருந்தே அப்படி இருந்திருக்காது. என்றைக்கோ ஒரு நாள், யாருக்கோ ஏதோ நடந்திருக்கும். என்ன நடந்தது என்று சொல்கிறேன். நான் கூட இருந்து பார்க்கவில்லைதான். என் வாத்தியார் மட்டும் பார்த்தாரா?

அந்தக் காலத்தில் சேதி அனுப்ப வேண்டுமென்றால் சொற்களைத்தான் அனுப்புவார்கள். அவை வரிசையாக நடந்து போய், வீட்டு வாசலில் ஒவ்வொன்றாக நுழைந்து, தன்னைத் தானே சொல்லும். எந்த ஊர்ச் சொல்லாக இருந்தாலும் தன் பொருளைக் கேட்பவர் காதில் தானே வைத்துவிடும். ஆனால் மனிதர்களிடம் ஒரு சொல்லால் தன்னை மட்டும்தான் சொல்ல முடியும். தங்களுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளும், சண்டைகூடப் போடும்.

தமிழ்ச் சொற்கள் வரும்போது வினை கடைசியில் வரும். யார், எங்கே, எப்படி எல்லாம் முன்னால் போய்விட, பெரிய மனிதன் பந்திக்கு வருகிற மாதிரி வினை நிதானமாகப் பின்னால் வந்து சேரும். அதனால் நம் கடற்கரைக் குப்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. நடந்து முடிந்த காரியத்தைச் சொல்லும் வினை உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். நடந்துகொண்டிருக்கிற காரியம் என்றால் கதவு திறந்தே கிடக்கும், மாற்றுச் சேதி வரலாம். நடக்கப்போகிற காரியத்துக்கும் அப்படியே. முடிந்த காரியத்துக்கு மேல் வருவதற்கு என்ன இருக்கிறது? நல்லதோ கெட்டதோ, வீட்டார் தனியாக இருந்து சிரிக்கட்டும், அழட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

இங்கிலீஷ் சொற்களின் நடை வேறு. ஆள் முதலில், வினை இரண்டாவது, மற்றவர்கள் பின்னால். அந்த வரிசையில் அவர்கள் படு கண்டிப்பு. நம் சொற்கள் இடம் மாறி நின்றாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களிடம் அது நடக்காது. வரிசையை மீறினவனை மொழியைவிட்டே தள்ளிவைத்துவிடுவார்கள்.

நண்டுத்துறை என்று ஒரு குப்பம். கரைக்கு எதிரே கடலில் இரண்டு பாறைகள். இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டுமரம் நுழையும் அளவுக்குத்தான் வழி. அந்த வழிக்கு நேரே இருந்தது தனுக்கோடியின் வீடு. வீட்டின் முன்னால் மூங்கில் கம்பம் நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அது அவன் மனைவி காத்தாயியின் கல்யாணச் சேலையிலிருந்து கிழித்தது. கடலிலிருந்து வருகிறவன் அந்தச் சிவப்பைப் பார்த்து நேராக வந்தால் பாறை இடிக்காது. கொடி தெரியவில்லை என்றால் அந்தப் பக்கம் வரவே கூடாது. வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் துணியை அவிழ்த்துக் கடலில் விடுவார்கள். துக்கம் தீரும்வரை குப்பத்தில் எவனும் கடலுக்குப் போக மாட்டான். அதனால் கொடி யாருக்கும் தேவைப்படாது.

தனுக்கோடி ஒரு இங்கிலீஷ் கப்பலில் பாய் கட்டும் வேலைக்குப் போயிருந்தான். திரும்பி வருகிற வழியில் புயல். அலை ஒன்று அவனை மேல்தளத்திலிருந்து அள்ளிக்கொண்டு போனது. மூன்று முறை உள்ளே போய் மூன்று முறை மேலே வந்தான். நான்காவது முறை போவதற்குள் யாரோ எறிந்த கயிறு கையில் பட்டது. கப்பல் பெரிய துறைமுகத்தில் வந்து நின்ற பிறகும் இரண்டு நாள் படுத்தே கிடந்தான், மூன்றாம் நாள்தான் எழுந்து உட்கார்ந்தான்.

"வீட்டுக்குச் சேதி அனுப்பட்டுமா?" என்று கப்பல் தலைவர் கேட்டார்.

"அனுப்புங்க தொரை. எவனாவது முந்திப் போயி ஏடாகூடமா எதையாவது சொல்லி அவளைப் பயமுறுத்திடப் போறான். தப்பிச்சுட்டேன்னு தெரிஞ்சா போதும். நான் பின்னாலயே கட்டுமரத்துல வந்துடுறேன்" என்றான் தனுக்கோடி.

அவள் பயப்படக் கூடாது என்றுதான் அந்தச் சேதியை அனுப்பினார்கள். நான் இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

கப்பல் தலைவர் தன் சொற்கள் மூன்றைக் கூப்பிட்டார். முதலில் ஹி. அவன் என்று பொருள். ஒல்லியாக, உயரமாக, எந்த வீட்டு வாசலில் நிற்கிறானோ அந்த வீட்டு ஆம்பிளை நான்தான் என்கிற தோரணையோடு இருப்பான். இரண்டாவது டிரவுண்டு. தண்ணீரில் மூழ்கிச் செத்தான் என்று பொருள். கனத்த உடம்பு, எப்போதும் சொட்டும் தலைமுடி, உட்கார்ந்த இடமெல்லாம் ஈரம். மூன்றாவது நியர்லி. கிட்டத்தட்ட என்று பொருள். அவனிடம் எல்லாமே கொஞ்சம் குறையும். சட்டை முழங்கைக்கு ஒரு விரல் மேலே நின்றுவிடும். சாப்பிட்டால் கடைசிக் கவளத்தை வைத்துவிடுவான். நடந்தால் மற்றவர்களுக்குப் பத்தடி பின்னால்தான் வருவான்.

மூன்று பேரும் கடற்கரை ஓரமாகவே ஒரு பகலும் மறுநாள் காலையும் நடந்தார்கள். மணலில் கால் புதைய நியர்லிக்கு மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் மெதுவாகப் போங்களேன்" என்றான்.

"நீ வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? ஆளும் வினையும் போனால் சேதி போனதாகத்தானே கணக்கு?" என்றான் ஹி, திரும்பியே பார்க்காமல்.

அவர்கள் நண்டுத்துறைக்கு வந்தபோது உச்சிப்பொழுது. காத்தாயி வீட்டுக்குள் கிழிந்த வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் நாத்தனார் செல்லாயி, தனுக்கோடியின் தங்கை, உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். ஹி வாசலில் நின்று தன்னைச் சொன்னான்.

"அண்ணி, அண்ணன் சேதி வந்துருக்கு" என்று செல்லாயி எழுந்து ஓடிவந்தாள்.

"வாங்க, உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க" என்றாள் காத்தாயி. முகமெல்லாம் சிரிப்பு. ஐந்து மாதமாக அவனைப் பற்றி ஒரு சொல்கூட வந்ததில்லை.

ஹி உள்ளே போனான். அவன் பின்னால் டிரவுண்டு தலையைக் குனிந்து நுழைந்து, தன்னைச் சொன்னான். தண்ணீரில் மூழ்கிச் செத்தான்.

முடிந்த காரியம். வினை வந்துவிட்டது. செல்லாயியின் கை பழக்கத்தில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டது. நியர்லி அப்போதுதான் வேலிப் படலைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

அவன் வாசலுக்கு வந்தபோது உள்ளே செல்லாயியின் அழுகை கேட்டது. "எப்போ?" என்று காத்தாயி ஒரே ஒரு தடவை கேட்டாள். எப்போது என்று சொல்ல அவர்களோடு ஒரு சொல்லும் வரவில்லை. டிரவுண்டு தரையில் உட்கார்ந்தான். அவனைச் சுற்றி ஈரம் பரவியது. அதைப் பார்த்ததும் காத்தாயிக்குக் கேட்க வேறு எதுவும் இல்லாமல் போயிற்று.

நியர்லி கதவைத் தட்டினான். அழுகைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. "நியர்லி, நியர்லி" என்று சொல்லிப் பார்த்தான். தெருவில் போன மீன்காரி ஒருத்தி நின்றாள்.

"கிட்டத்தட்டவா? என்னா கிட்டத்தட்ட?" என்றாள்.

நியர்லி வாயைத் திறந்தான், மூடினான். அவனால் தன்னை மட்டும்தான் சொல்ல முடியும்.

"தலைவால் இல்லாம பேசுனா நான் என்னான்னு புரிஞ்சுக்கறது தம்பி? வெயில்ல நிக்காத, மண்டை காயும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவள் மேல் தப்பில்லை. எப்படி என்பது மட்டும் தனியாக வந்து நின்றால் யாருக்குத்தான் புரியும்? நியர்லிக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது காத்தாயி பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். நேராகக் கம்பத்துக்குப் போனாள். முடிச்சை அவிழ்த்தாள். துணி இறங்கியது. அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள்.

நியர்லி கடலைப் பார்த்தான். தூரத்தில், பாறைகளுக்கு அப்பால், ஒரு கட்டுமரம் வந்துகொண்டிருந்தது. பாயில் நீல ஒட்டு. கிளம்பும் முன் துறைமுகத்தில் அந்த ஒட்டைத் தனுக்கோடி உட்கார்ந்து தைத்ததை நியர்லியே பார்த்திருந்தான். காற்று கரையை நோக்கி அடித்தது. இனி தனுக்கோடி நினைத்தாலும் எளிதில் திரும்ப முடியாது. கொடி இல்லாமல் உள்ளே வரவும் முடியாது.

அண்ணியைத் தேடிச் செல்லாயி முன்கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள். திறந்த கதவு வழியாக நியர்லி உள்ளே பாய்ந்தான்.

"எழுந்து வா" என்றான் டிரவுண்டிடம். "அவன் வருகிறான். கொடியை இறக்கிவிட்டாள்."

"என் வேலை முடிந்தது. முடிந்த காரியம் எழுந்து நடக்காது" என்றான் டிரவுண்டு.

"நடக்காவிட்டால் அவன் பாறையில் மோதுவான். நீ சொன்னது அப்போது மெய்யாகிவிடும். உனக்கு அது சம்மதமா?"

டிரவுண்டு அவனைப் பார்த்தான். போகிற இடமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு அழ வைப்பவன் அவன். ஒரு வீட்டில்கூட அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை.

"நான் மெய்யாக வேண்டும் என்று ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை" என்று சொல்லி எழுந்தான்.

மூன்று பேரும் கரைக்கு ஓடினார்கள். ஹி முன்னால், டிரவுண்டு நடுவில், நியர்லி கடைசியில். ஓடும்போதும் வரிசை குலையவில்லை, பழக்கம் அப்படி. காத்தாயி முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாள். துணியை அலையில் விட்டிருந்தாள். டிரவுண்டு வருவதைக் கண்டதும் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள்.

"ஒரு தடவ கேட்டது போதும். போங்க" என்றாள்.

நியர்லிக்கு விளங்கிவிட்டது. டிரவுண்டு முன்னால் நிற்கும்வரை அவள் காது திறக்காது. அவன் பின்னால் தான் எத்தனை முறை வந்து நின்றாலும் கதவு சாத்தித்தான் இருக்கும்.

அவன் வரிசையைவிட்டு விலகினான்.

"டேய், என்ன செய்கிறாய்? உன்னைத் தள்ளிவைத்துவிடுவார்கள்" என்றான் ஹி.

தள்ளிவைத்த சொற்களை நியர்லி பார்த்திருக்கிறான். யார் வாயிலும் இடம் கிடைக்காமல் அலைந்து அலைந்து தேய்ந்து போவார்கள். ஆனாலும் ஹிக்கும் டிரவுண்டுக்கும் நடுவில் நுழைந்தான். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு அடியும் குறையாமல் காத்தாயியின் முன்னால் போய் நின்று, அவள் கையைப் பிடித்துக் காதிலிருந்து விலக்கித் தன்னைச் சொன்னான்.

"கிட்டத்தட்டவா?" என்றாள் காத்தாயி.

அவள் தமிழ்க்காரி. கிட்டத்தட்ட என்று கேட்டால், பின்னால் வினை வரும் என்று காத்திருக்கத் தெரிந்தவள். காத்திருந்தாள். நியர்லியின் முதுகை ஒட்டி நின்ற டிரவுண்டு, அவன் தோளுக்கு மேலே தலையை நீட்டித் தன்னைச் சொன்னான். இந்த முறை மெதுவாகச் சொன்னான்.

அவன் கிட்டத்தட்ட மூழ்கிச் செத்தான்.

"கிட்டத்தட்டன்னா... அப்ப சாகலையா? சாகலதானே?" என்றாள் காத்தாயி. அதற்குப் பதில் சொல்ல அவர்களிடம் சொல் இல்லை. நியர்லி கையை நீட்டிக் கடலைக் காட்டினான்.

நீல ஒட்டுப் போட்ட பாய் பாறைகளுக்கு அருகே தடுமாறிக்கொண்டிருந்தது.

"செல்லாயி, துணி. துணியப் புடி" என்று காத்தாயி அலைக்குள் பாய்ந்தாள். நல்லவேளை, அலை அதை இழுத்துப் போயிருக்கவில்லை. கம்பத்தில் கட்டினால் நனைந்த துணி பறக்காது, தொங்கும். அதனால் பாறை வழிக்கு நேரே, கம்பத்துக்கு முன்னால், அண்ணியும் நாத்தனாரும் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து விரித்துக்கொண்டு நின்றார்கள். ஹி தன் உயரத்துக்கு அன்றுதான் ஒரு பிரயோசனம் கண்டான். நடுவில் நின்று துணியை மேலே தூக்கிப் பிடித்தான். கல்யாணச் சேலையின் சிவப்பு வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

பாய் ஒரு முறை ஆடியது. பிறகு நேராகத் திரும்பியது. இரண்டு பாறைகளுக்கும் நடுவே கட்டுமரம் நுழைந்து, வெளியே வந்து, மணலில் ஏறியது.

அப்பாடா என்று எனக்கே இருக்கிறது.

தனுக்கோடி இறங்கினான். இறங்கினவன் மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். காத்தாயி அவன் தலையை, தோளை, கையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். செல்லாயி சிரித்துக்கொண்டே அழுதாள்.

"கொடி எறங்குனதப் பாத்தேன்" என்றான் தனுக்கோடி. "வூட்டுல யாரோ போயிட்டாங்கன்னு நெனச்சேன். நீதானோன்னு நெனச்சேன் புள்ள. நீயில்லாத கரைக்கு எதுக்கு வர்றதுன்னு துடுப்ப எடுத்து மடியில வச்சுட்டேன். அப்புறம் செவப்பு தெரிஞ்சுது."

ஒரே பகலில் இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் கிட்டத்தட்டச் செத்திருந்தார்கள். காத்தாயி எழுந்து நியர்லியிடம் போனாள்.

"இனிமே நீ பின்னால வராதப்பா. இந்த ஈரத்தலக்காரரு வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி நீ வந்து நில்லு. நீ வந்தப்புறம் கதவச் சாத்திக்கறோம்" என்றாள்.

"நம் வரிசை?" என்று ஹி நியர்லியின் காதில் முணுமுணுத்தான்.

பதில் சொன்னது டிரவுண்டு, நியர்லியைப் பார்த்து. "நான் வழிவிடுகிறேன். எனக்கு ஒரு அடி பின்னால் போவதில் எந்தக் குறையும் இல்லை. உன்னைத் தள்ளிவைத்தால் நானும் உன்னோடு வந்துவிடுகிறேன். நானில்லாமல் கடலைப் பற்றி இவர்கள் என்ன பேசுவார்கள் என்று பார்க்கலாம்."

அன்றைக்குச் செல்லாயி வைத்த உலை குழைந்து கஞ்சியாகியிருந்தது. எல்லோரும் கஞ்சி குடித்தார்கள், சுட்ட கருவாட்டோடு. டிரவுண்டுக்கும் ஒரு சட்டியில் ஊற்றிக் கொடுத்தாள் காத்தாயி. ஒரு வீட்டில் உட்கார்ந்து அவன் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. நியர்லி கடைசிக் கவளத்தை வைத்துவிட்டான், அந்தக் குணம் மட்டும் போகவில்லை.

கப்பலுக்குத் திரும்பும்போது நியர்லி டிரவுண்டுக்கு முன்னால் நடந்தான். அவன் வேகத்துக்கு டிரவுண்டு நடந்தான். கப்பல் தலைவர் பார்த்தார், முகம் சுளித்தார், நடந்ததைக் கேள்விப்பட்டார். அவருக்கும் ஊரில் மனைவி இருந்தாள். தள்ளிவைக்கிற பேச்சே எழவில்லை. சேதி மற்ற சொற்களுக்கும் பரவியது. ஒருநாளும் இல்லை என்று பொருள்படும் நெவர் நியர்லியைப் பார்த்து வினைக்கு முன்னால் வந்து நின்றான். ஏறத்தாழ என்று பொருள்படும் ஆல்மோஸ்ட் வந்தான், ஏறக்குறைய இல்லை என்று பொருள்படும் ஹார்ட்லி வந்தான். தாங்கள் ஒரு நொடி பிந்தினாலும் கேட்பவர் நெஞ்சு நின்றுவிடும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் முன்னால் வந்துவிட்டார்கள். ஸ்லோலி மட்டும் அசையவில்லை. மெதுவாக என்பது கதவு சாத்திய பிறகு வந்தாலும் யார் குடியும் முழுகாது என்றான். அவன் பேச்சிலும் நியாயம் இருந்ததால் அவனை அவன் போக்கிலேயே விட்டுவிட்டார்கள். இன்றும் அவன் முன்னாலும் நிற்பான், பின்னாலும் நிற்பான்.

நியர்லி அப்படி இல்லை. அந்தச் சிவப்புத் துணி மறுபடி விரிந்த பகலுக்குப் பிறகுதான், இங்கிலீஷில் முடிந்துபோன எந்தக் காரியம் வாய் திறப்பதற்கும் முன்னால், யாராவது கதவைச் சாத்திவிடுவார்களோ என்று பயந்துகொண்டு, அவன் மூச்சுவாங்க ஓடிவந்து நிற்கிறான்.